புகைமூட்டமும் இரு அரசுகளும்: மலேசிய–இந்தோனேசிய ஒத்துழைப்பு குறித்த ஒரு மதிப்பீடு

பினாங்குத் தீவின் மலைத்தொடருக்கு மேற்கே, மலாக்கா நீரிணையை நோக்கி அமைந்துள்ள பாலிக் புலாவ், டுரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் பெயர்பெற்ற தோட்ட வட்டாரம். பெருநகர நெரிசல் இல்லாத அவ்வூரில் மலேசியச் சுற்றுச்சூழல் துறை அமைத்துள்ள அளவீட்டு நிலையம், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காற்று கடுமையாகக் கெட்டுவிட்டதாகக் காட்டினால், அதன் காரணத்தைப் பெரும்பாலும் நீரிணைக்கு அப்பாலுள்ள இந்தோனேசியாவின் சுமத்ராவில்தான் தேட வேண்டியிருக்கிறது. 2019 செப்டம்பரில் பினாங்கில் பள்ளிகள் மூடப்பட்டதும் அத்தகைய புகையால்தான்.

அப்புகை பெரும்பாலும் கரிமண் நிலத்திலிருந்து எழுகிறது. மரங்களும் இலைகளும் நீரில் ஊறி, முழுவதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து உருவான மண்ணே கரிமண். செம்பனைக்கும் காகித மரங்களுக்கும் இடம்தேடிக் கால்வாய் வெட்டி அந்நிலத்தின் நீரை வடித்துவிட்டால், அது எரிபொருளாகவே மாறிவிடுகிறது. அதில் பற்றும் தீ நிலத்தடியில் வாரக்கணக்கில் கனன்று, மழை வந்தாலன்றி எளிதில் அணையாது. அத்தகைய தீயின் புகையால் 1997இல் கூச்சிங்கில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 800ஐத் தாண்டிச் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அக்குறியீடு 300ஐக் கடந்தாலே காற்று அபாயகரமானது என்று கொள்ளப்படுவதை நினைத்தால், அந்நெருக்கடியின் அளவு விளங்கும்.

அந்த ஆண்டிலேயே மலேசியா ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்களைச் சுமத்ராவுக்கு அனுப்பியது. ஓர் அரசின் சீருடைப் பணியாளர்கள் இன்னோர் அரசின் மண்ணில் தீயை அணைத்தது ஆசியான் வரலாற்றில் சிறிய செயலன்று. 2002 ஜூனில் கோலாலம்பூரில் கையெழுத்தாகி 2003 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஆசியான் எல்லைகடந்த புகைமூட்ட உடன்படிக்கை, அந்த நல்லெண்ணத்துக்குச் சட்ட வடிவம் தந்தது. செயற்கைக்கோள் வழியாகத் தீப்புள்ளிகளைக் கண்டறிந்து நாள்தோறும் பகிர்வதும், நெருக்கடியில் ஆளும் கருவியும் அனுப்புவதும் இன்று வழக்கமாகிவிட்டதை இவ்வொத்துழைப்பின் உண்மையான சாதனையாகவே கருத வேண்டும். 2016இல் இந்தோனேசியா கரிமண் மீட்பு அமைப்பை நிறுவி, 20 லட்சம் ஹெக்டேரை மீட்கும் இலக்கை ஏற்றதும் கணக்கில் கொள்ளத்தக்கது.

ஆயினும், புகை எழும் நாடான இந்தோனேசியா உடன்படிக்கையை 2014இல்தான் உறுதிப்படுத்தியது. உதவி செல்ல வேண்டுமானால் பெறும் நாடு இசைய வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தால் பேச்சுவார்த்தையாலோ கலந்தாய்வாலோ மட்டுமே தீர்க்க வேண்டும் என்று உடன்படிக்கையே வரையறுக்கிறது. மீறியவர் மீது எந்தத் தண்டனையும் இல்லை. கனடாவின் டிரெயில் உலோக உருக்காலையின் புகை அமெரிக்க விளைநிலங்களைக் கெடுத்தபோது, அவ்விரு அரசுகளும் நடுவர் தீர்ப்புக்கு உட்பட்டு, 1941இல் இறுதி முடிவு கண்டன என்பதோடு ஒப்பிட்டால், இங்கே விடுபட்டிருப்பது எது என்பது தெளிவாகும். நடுவர் இல்லாத இடத்தில் ஒவ்வொரு நெருக்கடியும் மறுப்பும் எதிர்மறுப்புமாகவே முடிகிறது: 2019இலும் 2023இலும் மலேசிய அமைச்சர்கள் கடிதமும் தரவும் முன்வைக்க, இந்தோனேசியத் தரப்பு புகை எல்லை கடக்கவே இல்லை என்றது.

இதைவிட ஆழமான குறை, இரு அரசுகளும் சேர்ந்தே காத்துவரும் மறைப்பு. எரியும் நிலம் யாருடையது என்பதைக் காட்டும் உரிமை வரைபடங்களைப் பொதுவில் வைக்க இரு நாடுகளும் மறுத்தன. 2013இல் ஆசியான் தலைவர்கள் கூட்டுக் கண்காணிப்பு முறையை ஏற்றபோதும், வரைபடங்களை அரசுகள் தமக்குள், நேர்வுக்கு நேர்வு பகிர்ந்துகொள்வதோடு நின்றுவிட்டனர். மலேசியாவை வெறும் பாதிக்கப்பட்ட நாடாகச் சித்திரிப்பதும் பொருந்தாது: 1999 முதல் 2005 ஆகஸ்ட் வரை தன் குடிமக்கள் சுவாசிக்கும் காற்றின் குறியீட்டு அளவையே அது வெளியிடாமல் வைத்திருந்தது. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் செம்பனைத் தோட்டங்களை நடத்தும் நிறுவனங்களுள் மலேசிய முதலீட்டில் இயங்குவனவும் கணிசம் என்பதால், புகையால் வருந்தும் நாடே அதன் பின்னுள்ள தொழிலில் பயன்பெறும் நாடாகவும் இருக்கிறது.

சிங்கப்பூர் 2014இல் இயற்றிய சட்டம், வெளிநாட்டில் தீமூட்டித் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்துக்கு அதிகபட்சம் 20 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் விதிக்க வழிசெய்தது. அயல்மண்ணில் சான்று திரட்டும் சிரமமும், இந்தோனேசிய இயக்குநர்களை விசாரிக்க ஜக்கார்த்தா தெரிவித்த எதிர்ப்பும் அதன் கையைக் கட்டிப்போட்டன. 2019இல் இதுபோன்ற சட்டம் கொண்டுவர மலேசியா முற்பட்டு, 2020 ஆட்சி மாற்றத்துக்குப் பின் அம்முயற்சி கைவிடப்பட்டது. சிங்கப்பூரின் அனுபவத்தைக் காட்டி அக்கைவிடலை நியாயப்படுத்த இயலாது. ஏனெனில் மலேசியாவின் நிலை வேறு. பூர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு தாய் நிறுவனத்தின் கணக்கும் இயக்குநர் குழுவும் கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. அதன் கிளை நிறுவனம் இந்தோனேசியாவில் எந்தெந்த நிலத்தை வைத்திருக்கிறது, அங்கே எத்தனை ஹெக்டேர் எரிந்தது என்பதை ஆண்டறிக்கையில் வரைபடத்துடன் வெளியிடச் சொல்ல, வேறெந்த அரசின் இசைவும் மலேசியாவுக்குத் தேவையில்லை.