கருங்கண்ணி, அவுரி, தகவலாளி: ஆராய்ச்சி யாருடைய தொழில்?

1

கரிசல் காட்டுக்கு ஆராய்ச்சி என்ற சொல் புதிதல்ல. 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. மூன்று வருஷம் கழித்து, 1904இல், பக்கத்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. பாளையங்கோட்டையில் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைக் கூட்டினார். 1969இல் 'ஆராய்ச்சி' என்றே பெயர் வைத்து ஒரு பத்திரிகை தொடங்கினார். இடைசெவலில் ஒரு சம்சாரி, கி. ராஜநாராயணன், 1982இல் கரிசல் சொற்களுக்கு அகராதி போட்டார். 1980களில் சிவகாசி - சாத்தூர் - கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றிச் சமூகவியலாளர்கள் எழுதத் தொடங்கினார்கள்.

விதை, சுரம், பாட்டு, சொல், பிள்ளை. இந்த மண்ணில் ஆராயப்படாதது எது? ஆனாலும் இவை ஐந்தையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துப் பேசிய கட்டுரை ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. முதலாவது 'அறிவியல்', இரண்டாவது 'இசையியல்', மூன்றாவது 'நாட்டார் வழக்காற்றியல்', நான்காவது 'இலக்கியம்', ஐந்தாவது 'சமூகவியல்'. துறைக்கொரு வாசல், வாசலுக்கொரு காவல்காரன்.

துறைகள் பலவாக இருப்பதில் எனக்குச் சண்டை இல்லை. மண்ணைக் கேட்கிற கேள்வியைப் பாட்டைக் கேட்க முடியாது. என் சண்டை வேறொன்றோடு. எல்லாத் துறையிலும் ஒரே காரியம்தான் நடக்கிறது: சனங்களின் கையிலிருந்து ஒன்று எடுக்கப்படுகிறது, அதன் பெயர் மாற்றப்படுகிறது. மாற்றியவர் 'ஆராய்ச்சியாளர்' ஆகிறார். கொடுத்தவர் 'கச்சாப்பொருள்' ஆகிறார். இந்தப் பிரிவினையை யார் போட்டது, இதனால் யாருக்கு லாபம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2

பருத்தியிலிருந்து தொடங்கலாம். கருங்கண்ணி, உப்பம், புளிச்சை எல்லாம் சம்சாரிகள் வைத்த பெயர்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறியபோது இந்தப் பருத்தி 'திருநெல்வேலிப் பருத்தி' ஆயிற்று. ஆராய்ச்சிப் பண்ணையில் கருங்கண்ணியிலிருந்து தேர்ந்தெடுத்த விதைகளுக்குக் 'கே' என்ற எழுத்தும் ஒரு எண்ணும் கிடைத்தன. இன்று கே 11 பருத்தி, கே 8 சோளம் என்றுதான் விதைப் பட்டியலில் இருக்கும்.

பெயர் மாறியதில் நியாயம் உண்டு. கலப்பில்லாத விதையை வருஷா வருஷம் காப்பாற்ற அடையாள எண் வேண்டும். ஆனால் புளிச்சையின் கதை வேறு. அதன் இழை குட்டை, முரடு. நூற்பாலைக்காரனுக்கு அது ஆகாது. ஆகவே அது 'கலப்படம்' என்றானது. அதை ஒழித்துக் கருங்கண்ணி விதையைப் பரப்புவது அக்கால வேளாண் துறையின் முக்கிய வேலைகளில் ஒன்றாயிற்று. சம்சாரி ஏன் புளிச்சை போட்டான்? அரைத்தால் பஞ்சு கூடுதலாக விழும். எடைக்குத் துட்டு கிடைக்கிற இடத்தில் இழை நீளத்தை எவன் பார்ப்பான்? ஆலையின் அளவுகோல் 'விஞ்ஞானம்' ஆனது. சம்சாரியின் கணக்கு 'அறியாமை' ஆனது. இரண்டுமே கணக்குகள்தான். ஒன்றுக்கு மட்டும் ஆராய்ச்சி நிலையம் கட்டப்பட்டது.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைக்கிற புழுதி விதைப்பு கரிசல் சம்சாரிக்குத் தெரிந்த சங்கதி. எந்த வாரம் விதைத்தால் முளை தப்பும், விதையை எப்படிக் கடினப்படுத்தினால் வறட்சி தாங்கும் என்று பண்ணை விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் சோதித்து, 'முன்பருவ விதைப்பு' என்று அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே பெயர் மாறியது, ஆனால் பொருள் கூடுதலாகித் திரும்பி வந்தது. சம்சாரி சொன்னதெல்லாம் வேதம் என்று நான் வாதாடவில்லை. எடுத்தது திரும்பியதா என்பதே என் அளவுகோல்.

3

மருத்துவத்துக்கு வருவோம். இந்த வறண்ட பூமியில் விளைகிற ஓர் இலை உலக மருந்து நூல்களில் 'திருநெல்வேலி சென்னா' என்று ஊர்ப்பெயரோடு ஏறியிருக்கிறது. மலச்சிக்கலுக்கு மருந்து. 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலும் கூட்டாளிகளும் இதன் வீரியமான சத்தைப் பிரித்தெடுத்துச் 'சென்னோசைடு' என்று பெயரிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா உண்டு.

நம் ஊரில் இதன் பெயர் என்ன? சித்த மருத்துவர் நிலாவரை என்பார். தூத்துக்குடி வியாபாரியும் விளைவிக்கிற சம்சாரியும் அவுரி என்பார்கள். ஆனால் பழைய மருத்துவச் சுவடி சொல்லும் அவுரி நீலச்சாயம் எடுக்கிற செடி. அது முற்றிலும் வேறு. ஒரே பெயருக்குள் இரண்டு செடிகள், ஒரே செடிக்கு மூன்று பெயர்கள். சுவடியைப் பதிப்பிக்கிற தமிழ் எம்.ஏ.வுக்குத் தாவரம் தெரியாது. தாவரவியல்காரருக்குச் சுவடி தெரியாது. வேதியியல்காரருக்கு இரண்டும் தேவையில்லை. குடிப்பவன் வயிற்றுக்குத்தான் தெரியும் எந்த அவுரி உள்ளே போயிற்று என்று!

ஆராய்ச்சியின் பன்முகம் என்று மேடையில் பேசுகிறோமே, அதன் அவசியம் இங்கேதான் இருக்கிறது. சொல்லாராய்ச்சியும் மருந்தாராய்ச்சியும் ஒன்றையொன்று கேட்காதபோது வருகிற கேடு ஆளின் உடம்பில் இறங்குகிறது.

4

எட்டயபுரத்துக்கு வருவோம். சுப்பராம தீட்சிதர் செய்தது அசாத்தியமான வேலை. குரலிலும் வீணையிலும் மட்டுமே இருந்த கமகங்களுக்குத் தனிக் குறிகள் வகுத்து, அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார். அரண்மனையின் ஆதரவு இருந்தது. அதே அரண்மனைக்குத் தீர்வை கட்டிய காடுகளில் களையெடுத்தவள் பாடிய பாட்டுக்குக் குறி வகுக்க அன்று ஆளில்லை. 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பை நா.வா. வெளியிட 1964 ஆக வேண்டியிருந்தது. அப்போதும் சொற்கள் மட்டுமே அச்சேறின. மெட்டு காற்றோடு நின்றது. எதை நுணுக்கமாக ஆராய்வது, எதை மேலோட்டமாகத் திரட்டுவது என்பதிலும் சாதியும் வர்க்கமும் இருக்கின்றன.

நா.வா.வின் முக்கியத்துவம் இன்னொன்றில். கதைப்பாடல்களைப் பதிப்பித்த அதே கை, சிறுவர்களுக்கு அறிவியல் நூல்களும் எழுதியது. அவரது 'ஆராய்ச்சி'யில் மானிடவியலும் வரலாறும் தத்துவமும் நாட்டார் வழக்காறும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. பல்கலைக்கழகம் கட்டிய சுவர்களைச் சந்தாவில் நடந்த ஒரு பத்திரிகை தாண்டியது. சிறுபத்திரிகைக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டிய சேதி இது.

அவருக்குப் பின்னால் வந்த நாம் என்ன செய்தோம்? மருத்துவமனையையும் சிறையையும் பைத்தியத்தையும் ஒருசேர ஆராய்ந்த பூக்கோவிடமிருந்து 'அறிவு/அதிகாரம்' என்ற சொல்லை மட்டும் கடன் வாங்கினோம். பக்கத்தில் இருக்கிற விதைப்பண்ணைக்குள் அந்தச் சொல்லோடு ஒருநாள் நடந்துபோய்ப் பார்த்தோமா?

5

தீப்பெட்டி ஆபீஸ்கள் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னொரு சிக்கலைக் காட்டுகின்றன. 1983இல் ஸ்மித்து கோத்தாரியின் கட்டுரை சிவகாசிப் பிள்ளைகளின் நிலையை ஆங்கிலம் படிக்கிற நாட்டுக்குச் சொன்னது. 1991இல் மைரன் வீனர் தன் நூலில், பிள்ளைகள் வேலைக்குப் போவதற்கு வறுமை மட்டும் காரணமல்ல, கட்டாயக் கல்வியை அரசு அமல்படுத்தாததற்குப் பின்னால் மேல்தட்டின் மனோபாவம் இருக்கிறது என்றார். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எழுத்து சட்டமாக நகர்ந்த அபூர்வமான இடம் இது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் விடியுமுன் வேனில் ஏற்றப்பட்டு, சட்டத்தில் குச்சி அடுக்கிய அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது, ஐம்பது வயது. அவர்களில் யாராவது தங்களைப் பற்றிய அந்த ஆராய்ச்சிகளைத் தமிழில் வாசித்திருப்பார்களா? எண்ணப்பட்டவர்களுக்கு எண்ணிக்கை காட்டப்படவில்லை.

6

இங்கேதான் கி.ரா.வின் அகராதி வருகிறது. நான் எம்.ஏ. படித்த நாட்களில் ஆசிரியர் ஒருவர், "அது எழுத்தாளர் ஆசைக்குச் செய்தது, ஆராய்ச்சி இல்லப்பா, முறையியல் எங்கே இருக்கு?" என்றார். கருதுகோள், ஆய்வு எல்லை, முன்னோடி ஆய்வுகள், முடிவுரை என்கிற அச்சுக்குள் அடங்காததால் அது ஆராய்ச்சி இல்லை. ஆனால் அந்த அகராதியிலிருந்து சொற்களை எடுத்து அதே அச்சில் வார்த்தால் முனைவர் பட்டம் கிடைக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியில் வருகைதரு பேராசிரியராக அழைத்தது அந்த அச்சில் விழுந்த ஒரு நல்ல விரிசல்.

கி.ரா. செய்ததில் பெயர்மாற்றம் இல்லை. சம்சாரியின் சொல் சம்சாரியின் சொல்லாகவே தலைச்சொல் ஆனது. அதற்காக அகராதி விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. ஊருக்குள் தெருக்கள் உண்டு; நாக்கிலும் தெரு உண்டு. எந்தத் தெருவின் சொல் நிறைய ஏறியது, எது வாசலில் நின்றது என்று கேட்பதுதான் அந்த அகராதிக்கு நாம் செய்யும் மரியாதை. அந்தக் கேள்விக்கான விடையை நாவலில் தேடியவர்களும் இதே பக்கத்துக்காரர்கள்தான். பூமணி 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் ஆவணங்களில் துழாவி, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் 'அஞ்ஞாடி'யாக 2012இல் கொடுத்தார். அந்த ஆராய்ச்சிக்குப் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் நல்கை தந்தது. சோ. தர்மனின் 'சூல்' ஒரு கண்மாய் எப்படிச் செத்தது என்று சொல்கிறது. பொறியாளரின் அறிக்கையில் கொள்ளளவு இருக்கும். மடை திறந்தவனின் உரிமை இருக்காது. சாகித்திய அகாதெமி இரண்டு நாவல்களுக்கும் விருது கொடுத்தது. ஆனால் வரலாற்றுத் துறையும் நீர்ப்பாசனத் துறையும் இவற்றைச் 'சான்று' என்று ஏற்குமா?

2010இல் பல்கலைக்கழக மானியக்குழு கொண்டுவந்த புள்ளிக் கணக்கு, அதன் பிறகு வடிவம் மாறிய போதிலும், மனத்தில் உட்கார்ந்துவிட்டது. கட்டுரைக்கு இவ்வளவு, கருத்தரங்குக்கு இவ்வளவு. பயிரியலுக்கும் பாட்டுக்கும் ஒரே தராசு. பத்து மழை பார்த்து ஒரு விதை தேர்வதும், ஐம்பது வருஷம் காதைத் தீட்டி ஒரு அகராதி சேர்ப்பதும் அந்தத் தராசில் நிற்காது. துறைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக, ஆராய்ச்சியின் வகைமை சுருங்கிக்கொண்டே வருகிறது.

எழுதுகிறவர்களுக்கும் களத்தில் நிற்பவர்களுக்கும் என்னிடம் ஒரு யோசனைதான் உண்டு. மழையை எடுத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் மழைமானிக் கணக்கு இருக்கிறது. அகராதியில் மழைச் சொற்கள் இருக்கின்றன. நாவலில் தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. தண்ணீருக்கு நடந்த பொம்பளையின் இடுப்புவலி ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிறது. இந்த நாலையும் கோவில்பட்டியில் ஒரு மேஜையில், தமிழில், சம்சாரியும் உட்காரும்படி வையுங்கள். யார் விஞ்ஞானி, யார் தகவலாளி என்ற கேள்வி அந்த மேஜையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கலாம்.