அகலக் கால்

சேலையூர் நண்பரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கேம்ப் ரோட்டில் ஒரு டயர் கடை வாசலில் ஜாக்கி மேல் நின்றது. கடைக்காரர் இரண்டு டயர்களை உருட்டி வந்து சுவரில் சாய்த்தார். ஒன்று 145 மில்லிமீட்டர் அகலம், மற்றது 175. “சார், 145 போட்டா சைக்கிள் மாதிரி தெரியும். 175 போடுங்க, சும்மா கும்முனு நிக்கும்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நண்பர் 175-க்குத் தலையாட்டிவிட்டார்.

கும்மென்றுதான் நின்றது. அவர் வீட்டுச் சந்தில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபோதுதான் ‘கர்ர்’ என்று முன் டயர் உள்பக்கம் எதிலோ தேய்ந்தது.

பழைய காருக்கு அகல டயர் போடுவது இன்று கிட்டத்தட்ட சடங்கு. வண்டி வாங்கினால் முதலில் பெயின்ட், அடுத்து டயர். அகல டயர் கேட்க ஹெரால்டு என்ன ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்கலாம். நாற்பதைத் தொடாத குதிரைத்திறன் கொண்ட 948 சி.சி. எஞ்சினை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாதுதான். ஆனால் 1962-ல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கிச் செய்ததுதான். வரைந்த கையும் ஒன்றுதான், இத்தாலிக்காரர் மிக்கெலொட்டியுடையது. இங்கே ஹெரால்டு 1961 முதல் பத்தாண்டு போலத் தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கமே தயாரானது. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயமும் ஓடியது. ஆகவே ஸ்பிட்ஃபயர்காரர்கள் உலகெங்கும் போடும் டயர் சண்டையில் தாம்பரத்துக்கும் பங்கு உண்டு.

அகல டயர் போட்டவர்கள் சொல்வது பொய்யில்லை. வண்டி நேராக ஓடுகிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, வளைவில் வழுக்கவில்லை. நண்பரும் அதையேதான் சொன்னார். ஆனால் அவர் கழற்றிப் போட்டவை எத்தனை வருஷம் ஷெட் வெக்கையில் காய்ந்தவை என்று யாரும் கேட்கவில்லை. நகத்தால் அழுத்தினால் பதியாத, கல்லாகிப்போன ரப்பர். ஆலையிலிருந்து வந்தபோது இந்த வண்டிக்கு இருந்தது 5.20-13 அளவு கிராஸ்ப்ளை டயர். அதிலிருந்து ரேடியலுக்கு மாறினாலே, 145 அளவாக இருந்தாலும், வண்டி வேறு வண்டியாகிவிடும். ரேடியலில் பக்கச் சுவர் வளைந்து கொடுத்தாலும் மிதிபாகம் தட்டையாகச் சாலையில் படிந்திருக்கும். கிராஸ்ப்ளையில் இரண்டும் சேர்ந்தே முறுக்கிக்கொள்ளும். அகலத்துக்குக் கிடைக்கிற பாராட்டில் பெரும்பங்கு ரேடியலுக்கும் புது ரப்பருக்கும் போய்ச் சேர வேண்டியது. என் கட்சி அவ்வளவுதான்.

“அகலம் கூடினால் சாலையில் படும் பரப்பும் கூடுமே?” நினைக்கிற அளவுக்குக் கூடாது. ஹெரால்டு ஏறக்குறைய 800 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 200 கிலோ என்று வையுங்கள். காற்று 24 பி.எஸ்.ஐ. என்றால் அந்தப் பாரத்தைத் தாங்கச் சுமார் 118 சதுர சென்டிமீட்டர் தேவை. அதே காற்றில் 175 போட்டாலும் கணக்கு ஏறத்தாழ அதேதான். மாறுவது வடிவம்தான்: நீளவாட்டில் இருந்த தடம் குறுக்குவாட்டில் போகும். காய்ந்த சாலையின் வளைவில் அது லாபம், ஒப்புக்கொள்கிறேன். மழையில் அதே தடம் அதிகத் தண்ணீரை, குறைந்த நேரத்தில், ஒதுக்கித் தள்ளியாக வேண்டும். 1960-களில் நாசாவில் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு சூத்திரம், டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் காற்றழுத்தத்தை வைத்துச் சொல்கிறது. 24 பி.எஸ்.ஐ.க்கு மணிக்கு 80 கிலோமீட்டர் சொச்சம் வரும். எடை குறைந்த வண்டிக்குக் காற்றும் குறைவு, தடமும் அகலம் என்றால் அந்த வேகம் இன்னும் இறங்கும். ஐப்பசி மழையில் வண்டலூர் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் போய்ப் பாருங்கள்.

இதெல்லாம் எந்தக் காருக்கும் பொருந்தும். ஹெரால்டுக்கென்றே ஒரு வம்பு பின்பக்கம் இருக்கிறது. அதன் பின் ஆக்சிலுக்கு மூட்டு டிஃபரன்ஷியல் பக்கம் மட்டும்தான், சக்கரத்தின் பக்கம் கிடையாது. மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் கதவு கீலில் ஆடுவதுபோலச் சாய்ந்துகொண்டே போகும். வேகமாக வளைக்கும்போது வெளிப்பக்கப் பின்சக்கரம் காரை மேலே தூக்கப் பார்க்கும். தூக்கினால் சக்கரம் அடியில் மடங்கும். அந்தத் தூக்கலுக்கு விசை டயரின் பிடிமானத்திலிருந்துதான் வருகிறது. ஒல்லி கிராஸ்ப்ளை அந்த நிலை வருமுன்பே வழுக்கி, ஓட்டுநரை எச்சரித்துவிடும். அகல ரேடியல் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று கைவிடும். போதாக்குறைக்கு, சக்கரம் சாய்ந்துவிட்டால் 175-ன் அகலமெல்லாம் வீண். ஒரு ஓரம்தான் தரையில் இருக்கும்.

டிரையம்ஃப்காரர்கள் இதற்கு டயரில் மருந்து தேடவில்லை. 1970-ன் ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபோரில் ஸ்பிரிங்கின் பெரும்பாலான பட்டைகளை நடுவில் ஆடவிட்டுச் சரிசெய்தார்கள். நம் ஊர் ஆலை இன்னும் நேரடியாகப் போனது. ஹெரால்டுக்குப் பின் 1972-ல் வந்த கெசலில் அந்த ஆக்சிலையே தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சில் வைத்தார்கள். நம் மெக்கானிக்குகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும் பழையது பிடிக்கவில்லை என்பதே காரணம். சஸ்பென்ஷனில் இருக்கும் குறையை ரப்பரால் மூட முடியாது என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ரிம் விஷயம் இன்னும் மோசம். ஹெரால்டின் அசல் ரிம் அகலம் மூன்றரை அங்குலம். 175 டயருக்கு நாலரை, ஐந்து அங்குலமாவது வேண்டும். மூன்றரையில் மாட்டினால் இரண்டு ஓரமும் இடுங்கி நடு உப்பும். உப்பிய நடு முதலில் தேயும். சரி, ரிம்மை மாற்றலாம் என்று மாருதி, இண்டிகாவின் 13 அங்குல ரிம்மைத் தேடுவார்கள். அவற்றில் பலவற்றின் போல்ட் வட்டம் 100 மில்லிமீட்டர், ஹெரால்டுக்கோ 95.25. ஒவ்வொரு போல்ட்டும் இரண்டரை மில்லிமீட்டர் போலத் தள்ளி நிற்கும். நட்டை முடுக்கினால் ஏறிவிடும். ஏறிவிடுவதுதான் ஆபத்து. லேத்தில் துளையைத் தள்ளிப் போட்டுக் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். அந்த அகல ரிம்மால் சக்கரம் வெளியே தள்ளி நின்றால் முன்பக்க ட்ரனியன் மேல் பாரம் கூடும். பித்தளை வகைத் துண்டில் மரை போட்டு, அதற்குள் சுழலும் மூட்டு அது. கிரீஸ் அல்ல, கியர் எண்ணெய் கேட்கும். வறண்டால் இரும்புக் கால் முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். புது டயருக்குக் காசு எண்ணுகிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணெயைக் கேட்கிறார்கள்?

அழகு ஒரு காரணமே இல்லையா என்றால், உண்டு. மட்கார்டு நிறைந்து நிற்கும் டயருக்கு ஒரு மிடுக்கு இருக்கத்தான் செய்கிறது. அதற்காக மட்கார்டு ஓரத்தை வெட்டி மடக்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத் தனிப் பதிவெண் கிடைக்கும். சேஸிஸும் பாடியும் எஞ்சினும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. இந்த ஊரில் செய்த ஹெரால்டுகளெல்லாம் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

155/80-ஐ நாலரை அங்குல ரிம்மில் போடுவதை மனசார ஒப்புக்கொள்வேன். அதன் விட்டம் 578 மில்லிமீட்டர். பழைய டயரை ஒட்டியே வருவதால் ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லாது. பின்பக்க ஸ்பிரிங்கை ஸ்பிட்ஃபயர் பாணியில் மாற்றியவர், காய்ந்த பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுகிறவர், இன்னும் அகலமாகப் போகட்டும். அவர்களுக்குக் கணக்கு வேறு.

நண்பர் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். டயர் தேய்கிறது என்று ஸ்டியரிங் ஸ்டாப்பரை மெக்கானிக் இறுக்கிவைத்ததில், 25 அடியில் திரும்பக்கூடிய ஹெரால்டு அவர் சந்தில் மூன்று தரம் முன்னும் பின்னும் போக வேண்டியதாயிற்று. எதிர்வீட்டு மாமி மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாராம். போன வாரம் 155 மாட்டினார். ஒரே ஒடிப்பில் திரும்பியது என்று போனில் சொன்னார். கழற்றிய 175 நான்கையும் விற்க மனமில்லை. மொட்டைமாடியில் செம்பருத்தி வைத்திருக்கிறார்.