எட்டேகாலில் இருக்கிற 'ஏ'

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறைக்கு, இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் மரக்கலம் உடைந்தால் எவருக்கு எவ்வளவு என்று அது வகுக்கிறது. ஆனை, குதிரை ஏற்றிவந்த கலமென்றால் அரச பண்டாரத்துக்குக் காற்பங்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு பண்டமென்றால் சரிபாதி. அந்தக் காற்பங்கைக் குறியாக வெட்டாமல் 'நாலத்தொன்று' என்று சொல்லாகவே வெட்டியிருக்கிறார்கள்.

நல்லதாகப் போயிற்று என்பேன். தமிழில் காலுக்குரிய குறி 'வ' போலிருக்கும். எட்டு 'அ' போலிருக்கும். ஔவையார் பெயரில் வழங்கும் வசைப்பாட்டில் 'எட்டேகால் லட்சணம்' 'அவ'லட்சணம் ஆனது இதனால்தான். வசைக்கு உதவும் இந்த மயக்கம் துறைமுக வழக்குக்கு உதவாது.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. ௨௰ என்றால் இருபது, பெருக்கல். ௰௨ என்றால் பன்னிரண்டு, கூட்டல். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததைக் கூட்டுவதா பெருக்குவதா என்று வரிசையைப் பார்த்துத்தான் முடிவுசெய்யவேண்டும். பழசென்று சிரிக்கவேண்டாம்: இன்றைய பாடப்புத்தகத்தில் 2½ கூட்டல், 2x பெருக்கல். இயற்கணிதம் தொடங்கும் பிள்ளை தடுக்கி விழுவது இங்கேதான்.

பேச்சுத்தமிழ் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. அரைக்கால் என்றால் காலில் அரை, 1/8. காலே அரைக்கால் என்றால் காலும் அரைக்காலும், 3/8. அந்த 'ஏ' காதுக்குக் கேட்கும் கூட்டற்குறி. முக்காலே மூணு வீசம் என்று சொல்பவர் 3/4 உடன் 3/16ஐக் கூட்டிவிட்டே பேசுகிறார். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. இரண்டரையில் 'ஏ' வராது; மாவும் காணியும் சேர்ந்த மாகாணி (1/20 + 1/80 = 1/16) 'ஏ' இல்லாமலே கூடிக்கொள்கிறது. ஆனாலும் வாய் கண்டுபிடித்ததை எழுத்தாணி எழுதவில்லை. 'அவ'வில் அந்த 'ஏ' எங்கே?

2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பு தமிழ்ப் பின்னக் குறிகளை ஏற்றுக்கொண்டது. பழைய ஏடுகளைப் பதிப்பிக்க அது வேண்டியதுதான். அவற்றை மறுபடி வகுப்பறைக்குக் கொண்டுவருவதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். மயக்கமும் சேர்ந்தே வரும். கொண்டுவரவேண்டியது அந்த 'ஏ'யை. ஆசிரியர்களே, கலப்புப் பின்னத்தை முதல் நாளில் 2 + ½ என்றே எழுதிக் காட்டுங்கள். கூட்டற்குறியை விட்டெழுதுவதைப் பிள்ளைகள் ஆறுதலாகப் பழகட்டும்.