சொட்டாத கசிவு

லாரியின் டீசல் ஓஸ் மாற்றுவதைச் சில்லறை வேலை என்பார்கள்; என் கணக்கில் அது நுட்பமான கைவேலை. டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அதனால் அங்கே விரிசல் விட்டால் ஒரு சொட்டும் சிந்தாமலே காற்று உள்ளே புகுந்துவிடும். தரை காய்ந்திருக்கும், வண்டியோ ஏற்றத்தில் இழுக்காமல் திணறும். விரிசல் விட்ட துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போட்டால் போதாதா என்று முதலாளி கேட்பது நியாயம்தான். வண்டி நின்றால் வாடகை போகும். ஆனால் அதே சூட்டிலும் அதிர்விலும் பக்கத்துத் துண்டும் சேர்ந்தே கெட்டிருக்கிறது. ஒவ்வோர் ஒட்டும் காற்றுக்கு இன்னொரு வாசல். தேர்ந்த மெக்கானிக் ஓஸ் சேஸில் உரசாதபடி கட்டுவார், பழைய செப்பு வாஷரைத் தூக்கிப்போடுவார், கைப்பம்பை அடித்துக் குமிழி நிற்கும்வரை பிளீடிங் திருகை மூடமாட்டார். இந்தப் பொறுமைக்குத் தனிக் கூலி கிடையாது. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய் வேறு ரகம்; காமன் ரெயில் வண்டியில் அழுத்தம் 1,000 பாரைத் தாண்டும். எஞ்சின் ஓடும்போது அங்கே கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். டீசல் தோலைத் துளைத்துவிடும்.