கொம்பு முளைத்த குட்டி

அழகர் யானையைப் பாடும் குழந்தைப் பாட்டைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் குறைவு. அதற்கு ஆசிரியர் பெயர் கிடையாது. மடியில் குழந்தையை ஆட்டியபடி பாட்டிகளும் அம்மாக்களும் வாய்வழியாகக் கொடுத்து வந்த பாட்டு அது. அழகரும் சொக்கரும் மதுரைக்காரர்கள். அவர்களைச் சுமக்கும் யானையோ வைகையை விட்டுக் காவிரியில் இறங்கிக் கலக்குகிறது. அதனால் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அது உள்ளூர்ப் பாட்டாகிவிடுகிறது.

பெரிய யானை கரும்பை முறிக்கிறது, ஆற்றைக் கலக்குகிறது, ஊர் அசையவில்லை. குட்டிக்குக் கொம்பு முளைத்ததாகச் சேதி வந்ததும் பட்டணமே ஓடுகிறது. சிரிப்பு இங்கேதான் பிறக்கிறது. பள்ளியில் இதை உயர்வு நவிற்சி அணி என்போம். தண்டியலங்காரம் அதிசய அணி என்கிறது. கட்டி, குட்டி, பட்டணம் என்ற எதுகை மடியின் ஆட்டத்துக்குத் தாளம் போடுகிறது. வினைமுடிவில் வரும் 'ஆம்' அனைத்தையும் கேள்விப்பட்ட சேதியாக்குகிறது. பாடுகிறவள் ஓடவில்லை; ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

எனக்கு முக்கியமாகப் படுவது 'கொம்பு' என்ற சொல். யானைக்கு அது தந்தம். நம் வீடுகளில் அதுவே வசவு. எதிர்த்துப் பேசும் பெண்ணிடம் "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்பார்கள். பெண்ணுக்கு இராது, இருக்கவும் கூடாது என்று அந்தக் கேள்வி முன்பே முடிவு செய்துவிடுகிறது. ஆசியப் பெண் யானைகளுக்குத் தந்தம் வெளியே நீண்டு வளர்வதில்லை. ஸ்ரீரங்கம் கோயிலின் ஆண்டாளும் திருவானைக்காவின் அகிலாவும் பெண் யானைகள். அவற்றைப் பார்த்து வளரும் சிறுமிக்கு யானை என்றாலே கொம்பில்லாத, சொன்னபடி கேட்டு ஆசி வழங்கும் உருவம்தான்.

ஆனால் பாட்டு மடிக்குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. ஆடுகிற குழந்தைதான் குட்டி. பெண் குழந்தைக்கும் அதே கொம்பு, அதே கும்மாளம். வசவாக இருந்த சொல் மடியில் கொண்டாட்டமாகிறது. பாடிய பெண்கள் இதை எண்ணித்தான் பாடினார்கள் என்று நான் வாதாட வரவில்லை. ஒரே வாய் மூன்று வயதில் கொம்பைப் பாடி, பதின்மூன்று வயதில் அதையே கண்டிப்பதை மட்டும் காட்டுகிறேன்.

அணியின் பெயரை எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் கேளுங்கள்: ஒரு சின்னக் கொம்புக்கு இந்தப் பட்டணம் ஏன் இப்படிப் பயப்படுகிறது?