இரண்டு அங்குலம்

ஹட்டனில் குஷன் வேலை செய்யும் கடையொன்றின் வாசலில் மழைக்கு ஒதுங்கினேன். மழை விட்ட பிறகும் கிளம்ப மனம் வரவில்லை. உள்ளே ஒரு பஜாஜ் ஆட்டோவின் சாரதி ஆசனம் உறை கழன்று கிடந்தது. உடையவர் உயரம் குறைந்த இளைஞர். வளைவில் பாதையோரக் கான் கண்ணுக்குத் தெரிவதில்லையாம்; ஆசனத்தை உயர்த்த வேண்டுமாம்.

"ரெண்டு அங்குலம் போதும் தம்பி. அதுக்கு மேல போனா பிரேக்குக்குக் காலு எட்டாது" என்றார் கடையின் பாஸ். அளவுநாடா எடுக்கவில்லை. தம்பியை ஒருமுறை உட்காரவைத்து முழங்காலைப் பார்த்ததோடு சரி.

அந்த இரண்டு அங்குலத்தை அவர் கட்டியெழுப்பிய நேர்த்தியைச் சொல்ல வேண்டும். அடியில், வெட்டுத்துண்டுகளை அழுத்திச் செய்த கெட்டி ஸ்பொஞ்ச். மேலே, ரப்பர்பாலில் செய்த மெல்லிய, குளிர்ந்த, உயிருள்ளது போன்ற ஸ்பொஞ்ச். மெதுமெதுப்பு மட்டும் இருந்தால் உடல் அமிழ்ந்து தகட்டில் இடிக்கும். கெட்டி மட்டும் இருந்தால் மஸ்கெலியா போய் வருவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். மேல்துண்டின் வெட்டுமுகத்தை அருகில் பாருங்கள்: அப்பத்தின் நடுவில் பூக்கும் கண்களைப் போல ஆயிரம் நுண்கண்கள். ரப்பர்பாலை நுரைக்க அடித்து இப்படி உறையவைக்கும் வித்தையை டன்லொப் ஆய்வுக்கூடத்தார் 1929இல் கண்டார்கள். அவிசாவளையிலிருந்து பஸ்ஸில் ஏறி வருகையில், தேயிலை தொடங்குமுன் நாம் கடந்துவரும் ரப்பர் மரங்களின் பால்தான் இந்த மென்மைக்கு மூலம்.

பசை தடவியதும் ஒட்டிவிடவில்லை அவர். புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஈரம் போய், பிசுபிசுப்பு மட்டும் நின்ற கணத்தில் இரண்டையும் சேர்த்தார். ஒரே அழுத்து.

நான் மயங்கியது அடுத்த வேலையில். தீட்டிய ஹெக்சோ பிளேட்டால் முன்விளிம்பைச் சீவினார், மாம்பழத் தோலை நோகாமல் எடுப்பது போல. சதுரமாக நின்ற விளிம்பு அருவி விழும் பாறைபோல் வளைந்து இறங்கியது. அந்த வளைவு இல்லாவிட்டால் தொடையடி அழுந்தி, ஒரு மணித்தியாலத்தில் கால் மரத்துப்போகும். பின்பக்கத்தை ஒரு விரற்கடை தாழ்த்தினார். இறக்கத்தில் பிரேக் பிடிக்கையில் உடல் முன்னே வழுக்காது. சமவெளியில் இந்தச் சரிவை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களின் முதுகை அறிந்த கை அது.

பனியும் தூறலும் உள்ளிறங்காதபடி ஒரு பொலித்தீன் தாள். அதன்மேல் கருஞ்சிவப்பு ரெக்சின் உறை, ஸ்பொஞ்சைவிடச் சற்றே சிறிதாக. இழுத்து மாட்டினால்தான் சுருக்கம் விழாது. ஹட்டன் குளிரில் ரெக்சின் விறைத்துவிடும் என்று அதை முதலில் அடுப்பனலில் காட்டி இளக்கினார். தையல் ஓட்டம் உட்காரும் இடத்தைத் தொடாமல் ஓரமாகவே ஒதுங்கிப்போனது. என்ன மரியாதையான ஓட்டம்!

தம்பி ஏறி உட்கார்ந்தார். ஒன்றும் சொல்லாமல் முன்கண்ணாடி வழியே கீழே எட்டிப் பார்த்தார். கான் தெரிந்தது.