செவிலியின் மகள்

அகத்திணை நடத்தும்போது மாணவிகளிடம் ஒரு கேள்வி கேட்பேன்: தோழி யாருடைய மகள்? பெரும்பாலும் வகுப்பு அமைதியாகிவிடும். செவிலியின் மகள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். ஆனால் உடன்போக்குப் பாடல்களில் செவிலி புலம்புவது தலைவிக்காக. ஐங்குறுநூற்றின் 'செவிலி கூற்றுப் பத்து' பகுதியிலும், தலைவி குடித்தனம் நடத்தும் வீட்டைப் பார்த்து வந்து நற்றாயிடம் பூரிப்போடு சொல்கிறாள். தன் வயிற்றில் பிறந்தவளுக்காக அவள் கலங்கிய பாட்டு எதுவும் என் வாசிப்பில் தட்டுப்பட்டதில்லை.

நர்சுக்கு நாம் எடுத்துக்கொண்ட சொல் 'செவிலியர்'. நல்ல சொல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருடம் அம்மா மூச்சுத்திணறலோடு ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து நாள் இருந்தார். ஓர் இரவு வந்த நர்ஸ் பிரசவ வார்டிலிருந்து அனுப்பப்பட்டவள். "அங்க இன்னைக்கு ரெண்டே பேஷண்ட்தான் அக்கா. அதான் இங்க போட்டுட்டாங்க. இந்த மெஷின்ல நான் வேலை பார்த்ததே இல்ல" என்றாள். மேற்பார்வையாளரிடமும் சொல்லியிருக்கிறாள். "நர்ஸ்தானே, எல்லா வார்டும் ஒண்ணுதான்" என்று பதில் வந்ததாம். முந்தின வாரம் பில்லிங் கவுண்டரில் உட்கார வைத்தார்களாம். அதற்கு முன்பு ஒரு நாள், ஆள் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பி, அவளுடைய விடுப்பில் கழித்திருக்கிறார்கள்.

கண் மருத்துவரிடம் கூட்டம் இல்லையென்றால் அவரை இதயப் பிரிவுக்கு அனுப்புவார்களா? மாட்டார்கள். அவருடையது படிப்பு. நர்ஸ் நான்கு வருடம் பி.எஸ்சி. படித்து, ஒரே வார்டில் வருடக்கணக்கில் நின்று தேர்ந்தது மட்டும் பெண்ணின் இயல்பாகிவிடுகிறது. தாய்க்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதானே என்கிற நினைப்பு இது. செவிலி என்ற சொல்லும் அதற்குத் துணைபோகிறது.

நோயாளி குறைந்தால் நர்ஸ் உபரி என்பதும் தவறான கணக்கு. லிண்டா எய்க்கன் குழுவினர் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்றவர்களை ஆராய்ந்து 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நர்சின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். கூட்டம் குறைந்த நாள்தான் நோயாளியின் பக்கத்தில் நின்று கவனிக்க நேரம் கிடைக்கும் நாள். அந்த நேரத்தைத்தான் நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது.

நெருக்கடி வந்தால் யாரும் எங்கும் போகத்தான் வேண்டும். கொரோனாவில் போனார்கள், நாமும் கைதட்டினோம். 2020இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31உடன் முடிந்தது. அவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். வேறு திட்டங்களில் மாற்றுப் பணி தருவதாக அரசு சொன்னது. வார்டில் ஒரு ராத்திரிக்கு நடப்பது, மாநில அளவில் வேலையையே பறிப்பதாக நடந்தது.

இட மாற்றமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போகும் வார்டுக்கான பயிற்சியை முன்கூட்டியே தர வேண்டும். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லும் உரிமை வேண்டும். கூட்டம் குறைந்ததற்காக அவளுடைய விடுப்பிலும் சம்பளத்திலும் கை வைக்கக் கூடாது. தொழிலாளி என்று ஒத்துக்கொண்டால் இவையெல்லாம் சாதாரணக் கோரிக்கைகள். தாய் என்று அழைத்துவிட்டால் கேட்பதே பிழையாகிவிடும்.

விடியற்காலை நான்கு மணிக்கு அம்மாவின் மூச்சு சீரானது. அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்து, தன் ஊரில் பாட்டியிடம் வளரும் இரண்டு வயது மகளின் படத்தைக் காட்டினாள்.